கிதாருக்கும் சுருதி சேரும்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் சிநேகிதி குடியிருக்கிறாள். அந்த வீட்டில் மூன்று பெண்கள், மூன்று அபிப்பிராயங்கள். மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. பெண்ணுக்குப் பதினாறு. நடுவில் என் சிநேகிதி, மத்தளம் மாதிரி.

சண்டைக்குக் காரணம் ஒரு கிதார். ஆறு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் "இனி பாட்டு கிளாஸுக்குப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சேர்த்து வைத்த பணத்தில் கிதார் வாங்கிவிட்டாள். பாட்டி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாடவும் இல்லை. கூடத்து மூலையில் உறைக்குள் நிற்கும் தம்பூராவை எடுத்து மீட்டக் கைமூட்டு வலி இடங்கொடுக்கவில்லை. பேத்திதான் மீட்டிக் கொண்டிருந்தாள். சுருதிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். "பொட்டிக்கு முன்னாடி உட்கார்ந்து நான் பாடணுமா?" என்று அதையும் ஒதுக்கிவிட்டாள். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

போன மாதம் நான் போயிருந்தபோது பெண் உள்ளே கிதாரை மீட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நன்னாத்தான் வாசிக்கறாள். ஆனா கம்பியைச் சும்மா தட்டினாக்கூட ஆறும் ஆறு திக்கிலே போறதே, கவனிச்சியோ?"

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேலைநாட்டு முறைப்படி கிதாரின் ஆறு தந்திகளும் கனமானதிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற ஸ்வரங்களில் நிற்கும். கனமான தந்தியை நம் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ச, ம, நி, க, ப, ச! இடது கை விரல்கள் பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் அழுத்தி, கார்டு கார்டாக மாறிக்கொண்டே போவதற்கு வசதியாக அமைந்த ஏற்பாடு அது. நம் சங்கீதமோ ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அந்தக் காதுக்கு இது சந்தைக்கடை போலத்தான் கேட்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு, வாசகிகளே! அதுவும் வெகு சுலபம். கனமான தந்தி, மெல்லிய தந்தி, அதற்கு அடுத்த இரண்டாம் தந்தி இந்த மூன்றை மட்டும் ஒவ்வொரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு மெட்டு அளவு, இறக்கிவிட வேண்டியது. மற்ற மூன்றைத் தொட வேண்டாம். இறக்குவதுதானே தவிர ஏற்றுவது கிடையாது. ஆகையால் தந்தி அறுந்து கன்னத்தில் அடிக்கும் பயமில்லை. இப்போது கிடைப்பது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. எழுத்துக்களைச் சேர்த்து 'டாட்காட்' என்றே இதற்குப் பெயர். நம் பாஷையில் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. தம்பூரா மாதிரி இல்லை?

இதைப் பிரபலப்படுத்தியவர் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கலைஞர் (1940-2008). 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ நாட்டுக்குப் போனவர், அங்கே ஊத் என்னும் வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டு இப்படி மாற்றினார் என்று சொல்லுவார்கள். பிக் என்ற வில்லையை விட்டுவிட்டு வெறும் விரல்களாலேயே மீட்டுகிறவர்களுக்கு இது மிகவும் உகந்தது. கட்டைவிரல் கனத்த தந்திகளில் ச-ப-ச என்று சுருதி போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே ராகத்தை வாசிக்கலாம். பாடகரும் தம்பூராவும் ஒரே கையில்!

"வெள்ளைக்காரன் வாத்தியத்தை நம் இஷ்டத்துக்குத் திருப்பலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1859) மணலி முதலியாரின் ஆதரவில் சென்னைப் பக்கம் இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். ஜி, டி, ஏ, இ என்றிருந்த அதன் நான்கு தந்திகளும் நம்மவர் கையில் ச, ப, ச, ப ஆயின. நின்றுகொண்டு வாசித்த வாத்தியம் தரையில் உட்கார்ந்தது. இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? நம் காலத்திலேயே மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி வாத்தியத்தை ஐந்து தந்தியாக்கி, மின்சாரத்தையும் சேர்த்து, சபைகளைக் கட்டிப்போட்டாரே! கிதாரிலேயே சுகுமார் பிரசாத் 1980களில் கர்நாடக சங்கீதம் வாசித்திருக்கிறார். அடையாற்றை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் சாஸ்திரம் படித்த பிரசன்னா, அமெரிக்காவரை அதைக் கொண்டுபோனார்.

ஆனால் ஒரு முள்ளும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மூன்றாம் தந்தியில் நிற்கும் அந்த மத்தியமம்! சங்கராபரணத்துக்கும் கரகரப்ரியாவுக்கும் அது சொந்தக்காரன். மோகனத்திலும் ஹம்ஸத்வனியிலும் மத்தியமமே கிடையாது. கல்யாணிக்கோ வேறு மத்தியமம். அங்கெல்லாம் கை தவறி அந்தத் தந்தியில் பட்டால், கல்யாண வீட்டில் அழைக்காத விருந்தாளி வந்த மாதிரிதான். அப்போது அதையும் ஒரு மெட்டு இறக்கிவிடலாம், அந்தர காந்தாரமாகிவிடும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. அதற்கு இரண்டு பஞ்சமத் தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி மத்தியம சுருதியாக்க வேண்டும். தம்பூராவிலும் அதையேதானே செய்கிறோம்?

கமகம்? தந்திகள் தளர்ந்திருப்பதால் இழுப்பது சற்றுச் சுலபம். ஆனால் வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுக்களில் இழுப்பது போல் இழுத்துவிட முடியாது. விரலை மெட்டு மெட்டாகச் சறுக்கிக்கொண்டு போய்ப் பாதியைச் சமாளிக்கலாம். மீதி பாதிக்குப் பல வருஷ சாதகம் வேண்டும். தம்பூராவின் ஜீவாவும் வராது. மீட்டின நாதம் சீக்கிரமே அடங்கிவிடும்.

இவ்வளவையும் நான் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு டாட்காட் ஏற்கெனவே தெரிந்திருந்தது. செல்போனில் ஐரிஷ் பாட்டு எதையோ கேட்டுக் கற்றிருக்கிறாள். அது ச-ப-ச என்பதுதான் தெரியாது. பிரடைகளைத் திருகிவிட்டு, கட்டைவிரலால் மூன்று தந்திகளை மெல்ல மீட்டினாள். கூடத்தில் பேச்சு நின்றது.

"இது என்ன கட்டை?" என்று பாட்டி கேட்டாள்.

இரண்டு கட்டை. பெண் குரலுக்கு எட்டாத பள்ளம். அதற்கும் வழி இருக்கிறது. கேப்போ என்று ஒரு சிறு இடுக்கி. கிதாரின் கழுத்தில் எந்த மெட்டில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்கு எல்லாத் தந்திகளும் உயரும். ஐந்தாம் மெட்டில் மாட்டினால் ஐந்து கட்டை; ஆறாம் மெட்டில் ஐந்தரை. பாட்டி அந்தக் காலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடியவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெண் பேசாமல் ஆறாம் மெட்டில் மாட்டி மீட்டினாள்.

பாட்டி வாயைத் திறந்தாள்; மூடிக்கொண்டாள்.

"இறக்குடி."

ஐந்து. நாலரை. "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் மெட்டில், நாலு கட்டையில், பாட்டி ஷட்ஜத்தைப் பிடித்தாள். குரல் நடுங்கியது. ஆனால் சுருதியில் நின்றது. என் சிநேகிதி அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நேற்று மறுபடி அங்கே போனேன். பாட்டு கிளாஸுக்குப் பெண் திரும்பிப் போகவில்லை; போவதாகவும் இல்லை. கிதார் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் கழுத்தில் மூன்றாம் மெட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பாட்டியின் ஒட்டுப்பொட்டு.