வேகம் மட்டும் போதுமா?

இன்றைய உலகம் வேக உலகம் என்று பேச்சுப் போட்டி மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் வேகம் என்னும் அந்த ஒற்றை எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இயற்பியல் வகுப்பில் திசைவேகத்தின் கூறுகளைக் கொடுத்து, வேகத்தைக் காண் என்கிறார்கள். காண்கிறோம்; விடைக்கு அடிக்கோடு இடுகிறோம்; அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். கணக்கு அங்கே முடிந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

முறை என்னவோ எளியதுதான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். வெளியே காற்றில்லாத மழை. பெரிய துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகத்தில் விழுகிறது. பல்லாவரம் நடைமேடையில் நிற்பவருக்கு அது நேர் கீழாக விழும் துளி. ரயிலுக்குள் இருக்கும் நமக்கோ அது ஒவ்வொரு நொடியும் 8 மீட்டர் கீழேயும் 15 மீட்டர் பின்னேயும் செல்கிறது. இரண்டையும் கூட்டி 23 என்று எழுதினால் முட்டைதான் கிடைக்கும்! இரு கூறுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. எனவே செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போன்றவை. 225-ம் 64-ம் சேர்ந்து 289. அதன் வர்க்கமூலம் 17. நொடிக்கு 17 மீட்டர் என்பதே விடை. பக்கக் காற்றும் அடித்தால் மூன்றாவது கூறு ஒன்று வந்து சேரும். மூலம் காணுமுன் அதன் வர்க்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

ஆனால் தோழியரே, வர்க்கப்படுத்தும்போது ஒன்று தொலைந்து போகிறது. கழித்தல் குறி! மேலே போகும் 8-க்கும் கீழே வரும் 8-க்கும் வர்க்கம் 64 தான். இது சிறு விஷயமா?

2023 ஆகஸ்ட் 23 மாலையை நினைத்துப் பாருங்கள். சந்திரயான்-3-ன் விக்ரம் நிலவில் இறங்கிய நாள். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நம் மேற்குத் தாம்பரத்திலுள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். ஆகவே அந்த வெற்றியில் நமக்கும் சற்று உரிமை உண்டு. அன்று தொலைக்காட்சியில் கிடைத்தள வேகம், செங்குத்து வேகம் என்று இரண்டு எண்களைத் தனித்தனியே காட்டினார்கள். ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டியிருக்கலாமே?

இஸ்ரோவின் திட்டப்படி, நொடிக்கு சுமார் 1,680 மீட்டர் வேகத்தில் இறங்கத் தொடங்கிய விக்ரம், 7.4 கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது கிடைத்தளத்தில் 358 மீட்டரும் கீழ்நோக்கி 61 மீட்டரும் கொண்டிருக்க வேண்டும். நம் வகுப்பு முறையில் கணக்கிட்டால் வேகம் சுமார் 363. கவனியுங்கள்: 358-க்கும் 363-க்கும் வேறுபாடு வெறும் 5! அந்த 61 இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அந்த 61 மாறாமல் அப்படியே நீடித்தால், இரண்டே நிமிடத்தில் விக்ரம் நிலவில் மோதிச் சிதறிவிடும். அதன் கால்கள் தாங்கக்கூடிய செங்குத்து வேகம் நொடிக்கு 3 மீட்டர்தான். 2019 செப்டம்பர் 7 அன்று முந்தைய விக்ரம் தரையில் மோதி நொறுங்கிய துயரத்தை நாடு மறக்கவில்லை. 363 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, கலம் இறங்குகிறதா, ஏறுகிறதா என்றுகூடச் சொல்ல இயலாது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தலைக்கு மேலே, விமானப்படையின் தாம்பரம் நிலையத்திலிருந்து பயிற்சி விமானங்கள் பறப்பதை அன்றாடம் காண்கிறோம். காற்றின் மொத்த வேகம் தெரிந்தால் மட்டும் விமானிக்குப் போதாது. ஓடுபாதைக்குக் குறுக்கே அடிப்பது எவ்வளவு, நேர் எதிரே அடிப்பது எவ்வளவு என்று பிரித்துத் தெரிய வேண்டும். எதிர்க்காற்று இறங்குவதற்குத் துணை; குறுக்குக் காற்றோ தொல்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் கலையை எறிபொருளின் இயக்கத்தில் விளக்கிக் காட்டியவர் கலிலியோ. 1633-ல் திருச்சபையின் விசாரணையில் தண்டிக்கப்பட்டு, வீட்டுக்காவலில் இருந்த முதியவர், 1638-ல் வெளிவந்த நூலில் இதை எழுதினார். அவர் விஷயத்தில் தவறு நேர்ந்ததென்று 1992-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒப்புக்கொண்டதை நம் மறைக்கல்வி வகுப்பிலும் சொன்னால் நன்று.

பாடத்திட்டம் பெரிது, நேரம் சிறிது என்று ஆசிரியப் பெருமக்கள் கூறலாம். கூடுதலாக ஒரு வரி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வேகத்தைக் காண் என்பதோடு, எத்திசையில் என்றும் கேளுங்கள். சில சமயம் தலைகீழாகவும் கேளுங்கள்: ‘ஒரு பொருளின் வேகம் நொடிக்கு 17 மீட்டர். அது மேலே போகிறதா, கீழே வருகிறதா?’ இதற்குத் ‘தந்த விவரம் போதாது’ என்று எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.