தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்



ஆகஸ்டு மாதம் வந்துவிட்டது. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் கடை வாசல்களில் தேசியக் கொடிகள் பறக்கின்றன. மோட்டார் சைக்கிள்களில்கூடச் சின்னச் சின்னக் கொடிகள். பள்ளிப் பிள்ளைகள், பாட்டுப் பயிற்சி என்று நேரம் கழித்து வீடு வருகிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி? கொடி கட்டியாயிற்றா? அல்லது, "நமக்கென்ன, சம்பளத்தோடு ஒரு நாள் லீவு, அவ்வளவுதானே" என்று இருக்கிறீர்களா?

அப்படிச் சொல்பவர்களை நான் குறை கூறமாட்டேன். என் தகப்பனாரும் அப்படிச் சொன்னவர்தான்.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆகஸ்டு 31 வந்தால் எங்கள் வீட்டில் சண்டையும் வந்துவிடும். பாட்டி, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஒரு காகிதக் கொடி கேட்டு வாங்கி வந்து, மூங்கில் குச்சியில் ஒட்டி வாசல் தூணில் கட்டுவார். அதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பொறுக்காது.

"மெர்டேக்கா வந்து என்னம்மா ஆச்சு? பால் வாளி கனம் குறைஞ்சுதா? அதே பெரட்டு, அதே மரம், அதே துரை பங்களா" என்பார்.

"நீ பேசாம இருடா. பிள்ளைங்க படிக்குதில்ல" என்பார் பாட்டி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? குறை சொன்ன அப்பாவிடம் இருந்தது நீல அடையாளக் கார்டு. கொடி கட்டிய பாட்டியிடம் இருந்தது சிவப்புக் கார்டு. நாடு அவரை நிரந்தரவாசி என்றுதான் ஏற்றுக்கொண்டிருந்தது. குடிமகள் என்று அல்ல.

1957 ஆகஸ்டு 31-ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். அவர் நம் கெடா மண்ணின் பிள்ளை. அலோர் ஸ்டாரில் பிறந்து, கூலிமில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். அந்த முழக்கத்தோடு வந்த அரசியல் சட்டம் நமக்கும் ஒரு வாசலைத் திறந்தது. அன்று முதல் இங்கே பிறந்த குழந்தை இந்நாட்டுக் குடிமகன் ஆயிற்று. பல்லாண்டு இங்கே வாழ்ந்தவர்களும் சில நிபந்தனைகளோடு மனுச் செய்து பதிந்துகொள்ளலாம் என்றது சட்டம்.

ஆனால் வாசல் திறந்திருக்கும் செய்தி எத்தனை லயங்களுக்குப் போய்ச் சேர்ந்தது? விடியுமுன் காட்டுக்குப் போய், பொழுது சாய வீடு திரும்பிய சனம். பட்டணத்துக்குப் போய்ப் பாரம் நிரப்ப ஒரு நாள் சம்பளம் போகும். "இருக்கிற கார்டு போதும், யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்" என்று பலர் இருந்துவிட்டார்கள்.

கேட்கும் காலமும் வந்தது. 1968-இல் ஒரு சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றாயிற்று. மரம் வெட்டியே முதுகு வளைந்தவர்கள், பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. போகும்போது தம் அம்மிக்கல்லைப் பாட்டியிடம் கொடுத்து, "இதை மட்டும் வித்துடாதே அக்கா, திரும்பி வந்தா வேணும்" என்றார். அவர் திரும்பி வரவேயில்லை. அம்மி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பாட்டி குடியுரிமைக்கு மனுச் செய்தார். மலாய்மொழிப் பேட்டி என்றார்கள். சந்தையில் மீன்காரரிடம் சரளமாக மலாய் பேசும் பாட்டி, மேசைக்கு முன் உட்கார்ந்ததும் நடுங்கிப்போனார், வாய் திறக்கவில்லை. கடைசிவரை சிவப்புக் கார்டுதான். ஒரு தேர்தலிலும் அவர் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் கொடி கட்டுவதை அவர் விடவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கார்டு சிவப்பா இருந்தா என்னடி? நான் நட்ட கன்னு இந்த மண்ணுலதானே மரமா நிக்குது?" என்றார்.

சகோதரிகளே, அப்பா கேட்டதும் நியாயம், பாட்டி சொன்னதும் நியாயம். இந்தச் சுதந்திரம் நமக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல. 1947-இல் இதே கெடாவில், தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்து நின்றது. அந்த ஆண்டு தோட்டப் போராட்டங்களில் தொழிலாளி உயிரும் போனது. பிறகு, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் அது தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கெடாவின் புக்கிட் சிடிம். கொடியில் நம் வியர்வையும் இருக்கிறது. உரிமையோடு கட்டுங்கள்.

ஆனால் கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு 17 வயது. பள்ளியின் சுதந்திர தின அணிவகுப்பில் முன்வரிசையில் கொடி பிடித்து நடந்தவள். அவளுக்கு அடையாளக் கார்டு இல்லை. தகப்பனார் நீலக் கார்டுக்காரர். தாயோ எல்லைக்கு அப்பால், தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவர். கோயிலில் ஊரறியத் தாலி கட்டிக்கொண்டார்கள், பதிவிலாகாவில் பதியவில்லை. "ஏன்க்கா, கொடி பிடிக்கக் கூப்பிட்டவங்க கார்டு கேட்டா மட்டும் இல்லைங்கறாங்க?" என்று அந்தத் தாய் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. 1962-இல் சட்டம் மாறியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். 1982 மார்ச் முதல் நம் திருமணங்களையும் பதிய வேண்டும் என்றாயிற்று. பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தை தாயின் வழியைத்தான் பெறும். தாய்க்குக் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லையென்றால், தகப்பனின் நீலக் கார்டு குழந்தைக்கு உதவாது. தாலி கடவுளுக்குச் சாட்சி. சட்டத்துக்குச் சாட்சி பதிவுப் பத்திரம்.

ஆகவே, 31-ஆம் தேதி காலையில் கொடி கட்டுவதற்கு முன், 30-ஆம் தேதி இரவு வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? அதில் பெயரும் கார்டு எண்ணும் சரியா? 12 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா? மகனுக்குக் கல்யாணம் பேசினால், பத்திரிகை அடிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள். பேரப்பிள்ளை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதியச் சொல்லுங்கள். தோட்டம் செம்பனையாகி, லயம் இடிந்து, பட்டணத்து வீடுகளுக்கு மாறியபோது காகிதங்களைத் தொலைத்தவர்கள் பலர். தொலைந்ததற்கு மாற்றுக் கேட்கலாம், தாமதமானதையும் பதியலாம். அலைச்சல் இருக்கும். என்றாலும் இன்று அலைவது, பிள்ளை 17 வயதில் அழுவதைவிட மேல்.

உங்கள் வீட்டுப் பெட்டி சரியாக இருந்தால், அடுத்த வீட்டையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் கூடப் போய் வாருங்கள். அன்று எங்கள் பாட்டியோடு போக ஒருவரும் இல்லை.

நானும் இந்த ஆண்டு கொடி கட்டுவேன், பாட்டி கட்டிய அதே மூங்கில் குச்சி முறையில். நீங்களும் கட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் பிடிக்கும் கொடிக்குப் பின்னால், அவர்கள் பெயர் எழுதிய ஒரு கார்டும் இருக்கட்டும்.

அனைவருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள். அடுத்த இதழில் சந்திப்போம்.