ஆங்கிலத்தைத் துளைத்த அயற்சொல்

"ஆங்கிலம் கடன்கொண்டே வளர்ந்தது, தமிழும் அவ்வாறு வளர்ந்தால் என்ன?" என்று வினவுவார் இன்றும் உளர். அவர்தம் அளவுகோலாலேயே அளந்து காட்டுவோம். 'பியர்சு' என்னும் ஒரே ஆங்கில வினை அதற்குப் போதும்.

வேல் மார்பை ஊடுருவினாலும், குளிர் என்பைத் துளைத்தாலும், அலறல் செவியைக் கிழித்தாலும், ஆங்கிலேயன் இச்சொல்லை ஆள்கிறான். ஆயின், இஃது அவன் தாய் தந்த சொல்லன்று. இலத்தீனத்தில் 'பெர்' என்பது ஊடே. 'துந்தெரே' என்பது இடித்தல். இரண்டும் கூடிய 'பெர்துந்தெரே' இடித்துத் துளைத்தலைக் குறித்தது. அதன் வழிவந்ததெனச் சொல்லாய்வர் கொள்வது 'பெர்சியர்' என்னும் பழம் பிரெஞ்சுச் சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் அவர்தம் பிரெஞ்சே கோலோச்சிற்று. 1300-ஐ ஒட்டி அச்சொல் 'பியர்சு' ஆகி ஆங்கிலத்திற் குடியேறிவிட்டது.

அதற்குமுன் ஆங்கிலேயனுக்குத் துளைக்கச் சொல்லில்லையா? இருந்தது! 'ஊடே' எனப் பொருள்படும் வேரினின்று பிறந்த 'திரெல்' துளையைக் குறித்தது. 'திர்லியன்' துளைத்தலைக் குறித்தது. பலகணிக்கும் 'கண்துளை' எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லைத் 'திரெல்' கொண்டே அமைத்திருந்தனர். அதனை வடபுல வைக்கிங்கர் மொழியினின்று வந்த 'விண்டோ' விழுங்கிற்று.

இன்று அக்குடும்பம் என்னாயிற்று? 'திரில்' தன் முதற்பொருளாகிய ஊடுருவலை இழந்து மெய்சிலிர்ப்பைச் சுட்டி நிற்கிறது. 'நாசுத்திரில்' என்பதன் ஈற்றில் பழந் 'திரெல்' புதையுண்டு கிடக்கிறது. அது 'மூக்குத்துளை' என்று ஆங்கிலச் சிறுவனுக்கு அகரமுதலியன்றோ சொல்ல வேண்டியிருக்கிறது! தமிழ்ச் சிறுவனுக்கு 'மூக்குத்துளை' தானே விளங்கும்.

குடைதலைக் குறிக்கும் தாய்ச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் எஞ்சியது உண்மையே. ஆயினும், 'பெனட்ரேட்டு', 'பெர்வரேட்டு' என இலத்தீனச் சொற்கள் மேலும் வந்து குவிந்தன. இதற்கு நொந்த ஆங்கிலேயரும் உண்டு. தார்செட்டுப் பாவலர் வில்லியம் பார்ன்சு (1801–1886), இலக்கணத்திற்கே 'பேச்சுத்திறம்' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லமைத்து 1878-இல் நூல் யாத்தார். அவர் ஆக்கிய சொற்களுட் பெரும்பாலன வேரூன்றவில்லை. வேரறுந்த பின்னர் நீர் வார்த்துப் பயன் என்ன?

எனவே, 'கடன்கொண்டு வளர்ந்தது' என்பது அரை உண்மை. இல்லாத பொருளுக்குப் பெற்றது கடன். இருந்த சொல்லைக் கொன்று அமர்ந்தது கடனன்று, கவர்வு.

தமிழர்களே! நமக்குக் காலம் கடந்துவிடவில்லை. துளை இருக்கத் 'துவாரம்' எதற்கு? மூக்குத்துளை இருக்க 'நாசித்துவாரம்' எதற்கு? ஒரு சொல்தானே என்று வாளாவிராதீர்! கலத்தைக் கவிழ்க்க ஒரு துளை போதும். இன்றே அடைப்போம்!