தேரியில் நிற்கும் ஜீப்

உடன்குடியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். தகப்பனார் விட்டுச் சென்ற பழைய வில்லீஸ் ஜீப் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். காலையில் கிளப்பினால் குதிரைபோல் ஓடுகிறது. நண்பகலில் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் ஏறியதும் இருமுகிறது, முனகுகிறது, நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் பனைமர நிழலில் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் மறுபடியும் கிளம்புகிறது. பட்டறைக்காரர் ஒருவர், "இஞ்சினையே மாற்ற வேண்டும்" என்கிறார். மற்றொருவர், "காயலான் கடையில் போட்டுவிடுங்கள்" என்கிறார். நாம் என்ன சொல்கிறோம் என்று அன்பர் கேட்கிறார்.

நாம் சொல்வது ஒன்றுதான்: அவசரப்பட வேண்டாம். தேய்ந்துபோன இஞ்சின் பெரும்பாலும் காலையிலேயே திணறும். நிழலில் உட்கார்ந்ததனால் அதற்கு வாலிபம் திரும்பிவிடாது. அரைமணி நேரத்தில் தானே நீங்கும் நோய்க்கு இருதயத்தை மாற்றச் சொல்கிற வைத்தியரை நாம் நம்புவோமா?

ஜீப் சாமானிய வண்டியன்று. இரண்டாவது உலக யுத்தத்திற்காக அமெரிக்காவில் பிறந்து, 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. நம் நாட்டில் மகேந்திரா கம்பெனியார் பம்பாயில் அதன் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். யுத்தகளத்தில் சாதாரணச் சிப்பாய் கழற்றிப் பூட்டும்படி அமைக்கப்பட்ட யந்திரம் அது. ஆகையால் வீட்டுக்காரர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பெட்ரோல் இஞ்சினுக்கு வேண்டியவை எரிபொருள், காற்று, தக்க தருணத்தில் ஒரு மின்பொறி. வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. முதலில் பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லையென்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, உலர்ந்த துணியால் வயரைப் பிடித்துக்கொண்டு, பிளக்கின் உலோகப் பகுதியை இஞ்சினில் படும்படி வைத்து, மற்றொருவரை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லுங்கள். நீலநிறப் பொறி பளிச்சென்று தாவினால் மின்சாரத்தின்மேல் குற்றமில்லை. பொறியே இல்லாவிட்டால், சூடேறியதும் மயங்கும் காயிலோ கண்டென்சரோதான் பெரும்பாலும் குற்றவாளி. இரண்டும் மாற்றக்கூடிய சிறு சாமான்கள். இஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் தூசு.

பொறி இருந்தும் வண்டி கிளம்பாவிட்டால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். தேரியில் வண்டி மெதுவாகப் போகிறது; இஞ்சினோ கடுமையாக உழைக்கிறது; எதிர்க்காற்றும் போதிய அளவு இல்லை. அந்தச் சூட்டில், பம்புக்குப் போகும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு திரவத்தை இழுக்குமேயன்றி ஆவியைச் சரிவர இழுக்காது. பம்பின்மேல் ஈரத்துணியைப் போர்த்துங்கள். சில நிமிஷங்களில் கிளம்பினால் நோய் புரிந்துவிட்டது. குழாயைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கிக் கட்டி, ரேடியேட்டரில் அடைந்துள்ள மணலையும் பனந்தும்பையும் நீக்குவதே அதற்கு மருந்து. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

மணலில் இறங்குமுன் டயரின் காற்றைச் சிறிது குறைத்து, முன் சக்கரங்களுக்கும் விசை கொடுத்து, தாழ்ந்த கியரில் ஓட்டினால் இஞ்சினுக்கு இவ்வளவு சிரமமே இராது. தார் ரோட்டுக்கு வந்ததும் முன்சக்கர விசையை விலக்கிவிட வேண்டும். மறந்தால் கியர்களும் டயர்களும் வீணே தேயும். காற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

உண்மையிலேயே இஞ்சினைக் கொல்லுவது வேறொன்று. ஜீப் சுவாசிக்கும் காற்று, ஏர் கிளீனரில் உள்ள எண்ணெய்க் கிண்ணத்தின் வழியாக வருகிறது. தேரியின் நுண்ணிய செந்தூள் அந்த எண்ணெயைச் சேறாக்கிவிடும். அப்புறம் தூள் நேரே சிலிண்டருக்குள் புகுந்து, அரம்போல் அராவும். தேரிக்குப் போய்வந்த நாளெல்லாம் அந்தக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். இதற்குச் செலவு ஒரு பழந்துணியும் ஒரு கை எண்ணெயுமே.

தூத்துக்குடிக் கடற்கரையின் இரண்டாவது சத்துரு உப்பு. பழைய ஜீப்பின் பேட்டரி ஆறு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் வண்டியின் வேலையையே செய்ய, இதற்கு இரு மடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே இணைப்புகளில் சிறிது உப்புப் பூத்தாலும் ஸ்டார்ட்டர் சோம்பிவிடும். புது பேட்டரி வாங்குமுன், பேட்டரி முனைகளையும், சட்டத்தில் முடுக்கிய வயரின் அடியையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, வாஸலின் தடவிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கடிதத்தில் அன்பர் கேட்கவேயில்லை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே பாதையாகப் போகிறது. உப்பளத்து ஈரத்தில் துருவேறி ஓரிடத்தில் குழாய் ஓட்டையானால், கால் பிரேக் நான்கு சக்கரத்திலும் போய்விடும். இஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. குடும்பத்தாரை ஏற்றிச் செல்லுமுன் அந்தக் குழாய்களை முழுதும் பார்த்து, சந்தேகமானதை மாற்றிவிடுங்கள். உப்புத்தரையில் ஓடிய பின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

இந்தத் தூத்துக்குடியில்தான் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் வாடகைக் கப்பலை நம்பினார், கொடுத்தவர்கள் கைவிட்டார்கள். அதன் பிறகே காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. வாடகைக் கப்பலின் கதிதான் வாடகை அறிவுக்கும். பட்டறைக்காரரை நாம் இகழவில்லை. கைதேர்ந்தவர் இன்றி எந்த யந்திரமும் நெடுநாள் வாழாது. ஆனால் நாம் கண்ட அடையாளங்களைச் சொல்லி வேலை கொடுப்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பது வேறு.

உடன்குடி அன்பர் அடுத்த முறை வண்டி நின்றபோது பொறி வந்ததா, இல்லையா என்பதை நமக்கு எழுதட்டும். அதற்குள் பிரேக் குழாய்களை மாற்றியாயிற்று என்ற செய்தியும் அக்கடிதத்தில் இருக்கட்டும்.