கேளாதோர் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது

காது கேளாதோரைப் பற்றிப் பேசும்போது நம் நாவில் முதலில் வருவது 'பாவம்' என்னும் சொல்லே. அவர்களே எழுத முற்பட்டபோது முன்வைத்ததோ தம் மொழியை.

பாரிஸ் நகரில் புத்தகம் கட்டும் தொழில் செய்த பியேர் தெலோஜ், சிறுவயதில் பெரியம்மையால் கேட்கும் திறனை இழந்தவர். கேளாதோர் கல்விக்குப் பேச்சுப் பயிற்சியே ஏற்றது, சைகை வேண்டாம் என வாதிட்ட பாதிரியார் ஒருவருக்கு மறுப்பாக, 1779இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தம் வாழ்வையே சான்றாக வைத்தார். மற்றொரு கேளாதவரிடம் சைகைமொழியை முறையாகக் கற்ற பின்னரே தம் எண்ணங்களைக் கோவையாக வெளியிட இயன்றது என்றார்.

அதே நகரில் ஆசிரியராயிருந்த ஃபெர்தினான் பெர்த்தியேயும் கேளாதவரே. அவர் 1839இல் ஒகுஸ்த் பெபியானின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பெபியான் காது கேட்பவர். எனினும் கேளாதோரின் இயல்பான சைகைமொழியிலேயே அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் எனப் போராடியவர். பெர்த்தியே நன்றியுடன் நினைவுகூர்ந்தது, தம் மக்களின் மொழியை மதித்துக் கற்ற ஒருவரை.

திருக்குர்ஆன் 'செவிடர்' எனக் கண்டிப்பது சத்தியத்தை ஏற்க மறுக்கும் உள்ளங்களையே. கேளாத செவிகளை அன்று. நம் வீட்டில் கேளாத பிள்ளை இருப்பின் மருத்துவரை நாடுகிறோம், துஆச் செய்கிறோம். இரண்டும் தேவையே. அத்துடன் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சைகைமொழி கற்க வேண்டும். ஜும்ஆ குத்பாவைச் சைகையில் எடுத்துரைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒருவரையேனும் பயிற்றுவிக்க வேண்டும். மார்க்கத்தை அறிவது அப்பிள்ளையின் உரிமை. அதை நிறைவேற்றுவது நம் கடமை.