45ஆம் நாளுக்கு யார் பொறுப்பு?

மத்திய நிதி அமைச்சர், மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சர், தமிழ்நாட்டில் அதே துறையைக் கவனிக்கும் அமைச்சர் ஆகிய மூவருக்கும்,



கோவை கணபதியில் சின்னதாக ஒரு மிஷினிங் பட்டறை நடத்துகிறேன். எங்களைப் போன்ற ஒரு பட்டறைக்கு மாதம் எப்படி நகர்கிறது என்பதைத் தேதி வாரியாகவே சொல்லிவிடுகிறேன். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும்; பிடித்த டிடிஎஸ் இருந்தால் அதையும் கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் போன மாத விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டி தளத்தில் ஏற வேண்டும். 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டி. காலாண்டுக்கு ஒரு முறை கணக்குக் கொடுப்பவருக்கும் வரி மட்டும் மாதாமாதம்தான். இடையில் மிஷின் லோன் தவணை, கரண்ட் பில், வாடகை.

இவற்றில் எதைத் தவறவிட்டாலும் எங்கள் மேல் யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லை. ஜிஎஸ்டி தேதி தாண்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, தினக்கணக்கில் தாமதக் கட்டணம். தொடர்ந்து இரண்டு மாதம் தாக்கல் இல்லையென்றால் இ-வே பில் எடுக்க முடியாது. சரக்கு வாசலைத் தாண்டாது. வங்கித் தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். எல்லாம் தானாக நடக்கிறது. இதில் எனக்குக் குறையில்லை. வரி வரியாகவே இருக்கட்டும்.

எங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கும் நீங்கள் ஒரு தேதி வைத்திருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 15ஆவது பிரிவு. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 என்றால் 18. அந்த வட்டியைச் சரக்கு வாங்கிய கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. படித்துப் பார்த்தால் இதைவிடக் கண்டிப்பாக ஒரு சட்டத்தை எழுத முடியாது என்றே தோன்றும். 1993இலேயே இதற்கு முன்னோடிச் சட்டம் ஒன்றும் இருந்தது.

நடப்பு வேறு. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே '90 நாள்' என்று அச்சடித்துத் தருகிறார்கள். சட்டப்படி அந்த வரி செல்லாது. செல்லாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுத்தான் ஆர்டர் வாங்குகிறோம். அந்த 90ஆவது நாளும் வந்தால் பில் இன்னும் பாஸ் ஆகவில்லை, அக்கவுண்ட்ஸ் சார் லீவு, குவாலிட்டியில் ஹோல்டு, அடுத்த வாரம் கூப்பிடுங்கள். இப்படி 120 நாள், சில சமயம் அதற்கும் மேல். நாங்கள் நிறுத்தினால் கிரைண்டிங் கடைக்காரருக்கும், டூல் சப்ளை செய்பவருக்கும் நிற்கிறது. மேலே ஒருவர் பில்லை வைத்திருந்தால் கீழே ஒரு தெருவே வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) கணக்கிலும் தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிப் பணத்திலும் ஓடுகிறது.

"புகார் கொடுங்கள், சமாதான் தளம் இருக்கிறதே" என்பீர்கள். 2017இல் அதைத் தொடங்கினீர்கள். அந்தப் புகார்களை விசாரிக்க மாநிலத்தில் வசதியாக்கக் குழு இருக்கிறது, கோவைக்கே மண்டலக் குழு இருக்கிறது. ஆனால் எங்கள் தொழில் எப்படிப்பட்டது என்று யோசித்தீர்களா? ஒரு ஜாப் ஆர்டர் பட்டறைக்குப் பார்ட்டி இரண்டு, மிஞ்சினால் மூன்று. பாதி ஃபிக்சர் அந்த ஒரே பார்ட்டியின் பாகத்துக்காகச் செய்தது. வேறு வேலைக்கு ஆகாது. அந்தப் பார்ட்டி மேல் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு மறுநாள் காலை அதே கேட்டில் டெலிவரி சலானோடு போய் நிற்க வேண்டும். மாமியார் மேல் மருமகளிடம் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, அவளை அதே வீட்டுக்கு அனுப்பி வைப்பது போன்ற ஏற்பாடு இது. அதனால் புகார் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பார்ட்டியை ஏற்கெனவே இழந்தவர், அல்லது கடையை மூடப் போகிறவர். தொழில் நடத்திக்கொண்டிருப்பவருக்கு உங்கள் சட்டம் எட்டாது. இந்த மடலின் கீழே என் பெயர் இல்லாததற்கும் காரணம் அதுதான்.

துணிந்து போனவர்களின் கதையும் அப்படி ஒன்றும் தெம்பூட்டுவதாக இல்லை. ஒரு மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. குழுவின் தலைவர் தொழில் துறை இயக்குநர் நிலையிலான அதிகாரி. அவருக்கு இது நூறு வேலைகளில் ஒன்று. முதல் அழைப்புக்கு எதிர்த்தரப்பு வராது. இரண்டாவதற்கு வக்கீல் வருவார். மூன்றாவதில், அதுவரை யாரும் சொல்லாத தரக்குறைபாடு ஒன்று முளைக்கும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தும், அந்தக் குறைபாட்டைப் பற்றிப் பேசிப் பேசியே மாதங்கள் போகும். தீர்ப்பு வந்தால் அதை எதிர்த்துப் போக, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கட்டாகக் கட்ட வேண்டும். நல்ல விதி. அதைச் சுற்றிப் போகத்தான் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறார்கள். அப்படிப் போடலாமா கூடாதா என்பதே 2025 தொடக்கத்தில்கூட முடிவாகவில்லை: தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் அந்தக் கேள்வியை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அதே மாதம் இன்னொரு வழக்கில், ஒப்பந்தத்துக்குப் பிறகு குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு இந்தச் சட்டம் உதவுமா என்ற கேள்வி மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. சட்டம் வந்து 19 வருடம் ஆகும்போதும் அதன் வாசற்படி எங்கே என்ற விவாதம் ஓயவில்லை. முதல் வழக்கில் வாங்கிய தரப்பு தமிழக அரசின் சொந்த நிறுவனம் என்பதை மாநில அமைச்சர் கவனிக்க வேண்டும்.

திவால் சட்டத்தைப் பிடிக்கலாம் என்றால், 2020 மார்ச்சில் அதன் நுழைவு வரம்பை 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக்கிவிட்டீர்கள். எங்களில் ஒரே பார்ட்டியிடமிருந்து 1 கோடி வர வேண்டியவர் அதற்கு முன்பே காணாமல் போயிருப்பார்.

இந்த மடலை எழுத வைத்த கணக்கு இதுதான். ஜூன் 5ஆம் தேதி 1 லட்சம் ரூபாய்க்கு வால்வு பாகங்கள் அனுப்புகிறேன். ஜிஎஸ்டி 18,000. அந்த பில் ஜூலை 11க்குள் உங்கள் தளத்தில் ஏறிவிடும். ஜூலை 20ஆம் தேதி நான் அந்த 18,000 ரூபாயைக் கட்டுகிறேன்; பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதே ஜூலை 20ஆம் தேதி தாக்கலில் வாங்கிய கம்பெனி அந்த 18,000 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்கிறது. ஜூன் 5இலிருந்து ஜூலை 20 வரை எண்ணிப் பாருங்கள். 45 நாள்.

அதாவது சட்டம் எனக்குக் கொடுத்த கடைசி நாளன்று, அரசுக்கு வரி வந்துவிட்டது, கம்பெனிக்கு வரிக் கழிவு வந்துவிட்டது. எனக்கு மட்டும் 1,18,000 வரவில்லை. அதில் 18,000 என் ஓ.டி. கணக்கிலிருந்து போயும் விட்டது. அந்த 18,000க்கு வங்கிக்கு வட்டி கட்டுகிறேன்.

இதோடு முடியவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, சரக்கு கைக்கு வராமல் வரிக் கழிவு எடுக்க முடியாது. ஆக, கழிவு எடுத்த நாளிலேயே அந்தக் கம்பெனி "சரக்கு வந்துவிட்டது" என்று மத்திய, மாநில அரசுகளிடம் ஒப்புக்கொள்கிறது. 2024 அக்டோபரிலிருந்து பில்களை ஏற்கவோ மறுக்கவோ தளத்திலேயே வசதியும் வந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால் பில்லின் பிறந்த நேரம்கூட உங்களிடம் இருக்கிறது. அரசிடம் "வந்துவிட்டது" என்று சொல்லும் அதே கம்பெனி, என்னிடம் "இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை" என்கிறது. இரண்டு கூற்றும் இரண்டு மேசைகளில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது என் வேலை என்கிறீர்கள். பட்டறைக்காரனுக்கு அந்தத் தளத்தின் மறுபக்கம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஜிஎஸ்டி சட்டத்திலும் இதற்கு ஒரு விதி இருக்கிறது. சப்ளை செய்தவருக்கு 180 நாளில் பணம் தராவிட்டால் எடுத்த கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரே நாடாளுமன்றம் எழுதிய ஒரு சட்டத்தில் 45, இன்னொன்றில் 180. இதில் எதைப் பார்த்துக் கம்பெனி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை, தந்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்று வந்தபோது எங்கள் பக்கம் சந்தோஷப்பட்டோம். 2024 மார்ச்சில் சில பழைய பாக்கிகள் வரவும் செய்தன. ஆனால் நுணுக்கம் பாருங்கள்: ஜூன் மாத பில்லை மார்ச் 31இல் கொடுத்தால் கம்பெனிக்கு அந்தப் பிரிவால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை, அதே நிதியாண்டில் கொடுத்துவிட்டதாகவே கணக்கு. ஆக இது வருடத்துக்கு ஒரு மாதம் வேலை செய்யும் சட்டம். கூடவே, "உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) ரத்து செய்துவிட்டு வாருங்கள், ஆர்டர் தருகிறோம்" என்ற பேச்சும் கிளம்பியது. பாதுகாப்பை ஒரு சான்றிதழில் ஒட்டிவைத்தால், அதைக் கிழிக்கச் சொல்வதுதானே முதலில் நடக்கும்?

பில்லை வைத்து வங்கியிடம் முன்கூட்டியே பணம் வாங்கும் ட்ரெட்ஸ் தளத்தையும் மறக்கவில்லை. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் சேர வேண்டும் என்று ஆணையிட்டீர்கள். சேர்வது கட்டாயம், என் பில்லை அங்கே ஏற்பது கட்டாயமில்லை. அவர்கள் ஏற்காத பில்லுக்கு அங்கே எந்த வங்கியும் பணம் தராது.

எனவே, மத்திய அமைச்சர்கள் இருவரிடமும் கேட்பது: 180ஐ 45 ஆக்குங்கள். பில்லை ஏற்றுக் கழிவு எடுத்த நாளிலிருந்து கடிகாரம் உங்கள் தளத்தில் ஓடட்டும். பணம் போனதற்கான விவரத்தை வாங்கியவர் பதியாவிட்டால், கெடு கடந்ததும் கழிவு தானாக நிற்கட்டும். இதைக் குறு நிறுவன பில்லுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். எல்லா பில்லுக்கும் ஒரே விதி என்றால் உத்யம் பதிவைக் கிழிக்கச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. ஆர்டரை நடுத்தரக் கம்பெனிக்கு மாற்றுகிறேன் என்று மிரட்டவும் முடியாது. உண்மையான தரத் தகராறு இருந்தால் தளத்தில் பில்லை மறுக்கட்டும். கழிவும் எடுக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதுதான் கூடாது.

குறு நிறுவனங்களுக்குப் பணம் வந்த பிறகு ஜிஎஸ்டி கட்டும் வாய்ப்பையும் கொடுங்கள். பிரிட்டனில் ஒரு வரம்புக்குட்பட்ட சிறு வணிகர்களுக்கு வாட் வரியில் அந்த ஏற்பாடு உண்டு. வரி வருவது சில வாரம் தள்ளிப் போகும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இப்போது அந்தச் சில வாரத்தை நாங்கள்தான் வட்டிக்கு வாங்கித் தருகிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

மாநில அமைச்சருக்கு: மேலே சொன்ன கடிகாரத்தில் அரசு அலுவலகங்களும் உள்ளாட்சிகளும் சிக்காது, அவற்றில் பலவற்றுக்கு வரிக் கழிவே தேவையில்லை. ஆகவே அவற்றின் பாக்கி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துறையும் வாரியமும் 45 நாள் தாண்டிய குறு நிறுவன பில்களை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். கோவைக் குழுவுக்கு முழுநேர உறுப்பினர்களைக் கொடுங்கள். குழுவின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சிவில் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டு அலைவதற்குப் பதிலாக, 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி வசூலிக்க வழி செய்யுங்கள். அரசுக்கு வர வேண்டிய பாக்கிக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் தாசில்தார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி கவுன்சிலில் மூவரின் அரசுகளுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த 180 நாள் விதி வருமா, வராதா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள். இதற்குப் பதிலாக இன்னொரு தளமோ, விழிப்புணர்வு முகாமோ அறிவிக்க வேண்டாம். வேலை நாளில் மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார எங்களிடம் ஆள் இல்லை.

இப்படிக்கு,
குறுந்தொழில் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.