அப்பாவின் படங்கள் பெட்டிக்குள் கிடக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பிங்கில் புக்கிட் லாருட் சாலையோரப் போர்க் கல்லறைகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பெயர் துலங்கப் பராமரிக்கிறது. 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் தோட்டத் தமிழர்களுக்கோ பெரும்பாலும் வீட்டுப் படங்கள்தாம் சாட்சி.

என் அப்பாவும் அவர்களில் ஒருவர். சீருடையில் தோழர்களோடு அவர் நிற்கும் படத்தின் பின்புறம், பென்சிலில் எழுதிய பெயர்கள் பாதி அழிந்துவிட்டன. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பயத்தில் பலர் படங்களை எரித்தார்கள் என்று அப்பா சொல்வார். தப்பியவற்றைப் பசை ஆல்பங்கள் அரிக்கின்றன. இத்தகைய படங்கள் வைத்திருப்போரே, முதலில் அவற்றை ஆல்பத்திலிருந்து எடுங்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். யார் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி, தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஆசிரியரே, ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு படம் வெளியிடுவீர்களா? அப்பாவின் அருகில் நிற்பவரின் பிள்ளைகள் ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கலாம்.

வாசகர், தைப்பிங்